பருத்திக் காயைக் காக்கும் மூன்று இலைகள்

கரிசல் நிலத்தில் பருத்தி பயிரிடுவோரும், அப்பஞ்சிலிருந்து நூற்ற நூலைத் தறியில் ஏற்றுவோரும் கூட்டுறவினால் ஒன்றுபட்டவர்கள். பயிரிடுவோர் கையிலிருந்து நெய்வோர் கைக்குச் செல்லும் பொருள் பஞ்சு ஒன்றே என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மற்றொரு பொருளும் காட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து தறிக்கும் பயணம் செய்கிறது. வியாபாரி அதனைச் சருகு என்பார்; ஆலைக்காரர் தூசி என்பார்; நெசவாளர் நூலில் கண்ட கறுப்புப் புள்ளி என்பார். அப்பொருளிற் பெரும்பகுதி பருத்திப் பூவைக் காப்பதற்காகவே செடி படைத்துக்கொண்ட ஓர் இலையின் துணுக்கு ஆகும். அவ்விலையின் இயல்பையும், அது காவலாக நின்ற காலம் கழிந்து நமக்குக் கேடாக மாறும் விதத்தையும், அக்கேட்டினைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பூவடிச் செதில் என்பது யாது?

செடியின் இலை உணவு சமைக்கும் உறுப்பு என்பதை யாவரும் அறிவர். எனினும் எல்லா இலைகளும் அத்தொழிலை மட்டுமே செய்துகொண்டிருப்பதில்லை. பூ தோன்றும் இடத்தை ஒட்டியுள்ள இலைகள் சில, வடிவமும் நிறமும் மாறி, பூவிற்குத் துணையாக அமைந்துவிடுகின்றன. இவ்வாறு மாறிய இலையைத் தாவர நூலார் பூவடிச் செதில் என்று வழங்குகின்றனர். பூவின் காம்பிலேயே அமைந்த சிறு செதில்களுக்குப் பூக்காம்புச் செதில் என்று வேறு பெயரும் உண்டு. இக்கட்டுரையில் எளிமை கருதி இரண்டையும் செதில் என்றே குறிப்போம்.

செதிலையும், பூவின் உறுப்பாகிய புல்லி இதழையும் ஒன்றாகக் கருதுவது எளிதில் நேரும் பிழை. புல்லி இதழ் பூவின் உறுப்பு. செதில் பூவிற்கு வெளியே, அதன் அடியில் நிற்பது. ஒரு பருத்தி மொக்கை எடுத்து, வெளியேயுள்ள பச்சை மூடிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். அம்மூடிகளுக்கு உள்ளே, சிறு கிண்ணம் போல், பூவின் அடியைத் தழுவி நிற்பதே உண்மையான புல்லி வட்டம். வெளியிலிருந்த பச்சை மூடிகளே செதில்கள்.

நாம் அறிந்த பயிர்களில் செதில்

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையதே. வாழைப்பூவைச் சமையலுக்கு ஆயும்போது ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும் செந்நீல மடல்கள் யாவும் செதில்களே. அம்மடலின் உட்புறத்தில் சீப்பாக அமைந்திருப்பவையே பூக்கள். தாழம்பூ என்று நாம் மணம் கொண்டாடுவதும் பெரும்பாலும் மடல்தான். தென்னம் பூக்குலையையும் பனம் பூக்குலையையும் மூடி நிற்கும் பாளையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வேலியோரத்துக் காகிதப் பூவில் சிவப்பும் ஊதாவுமாகத் தோன்றுபவை பூவிதழ்கள் அல்ல. மூன்று வண்ணச் செதில்களின் நடுவே குழல் போல் நிற்கும் சிறு வெள்ளைப் பூக்களே அதன் பூக்கள். அவ்விதழ்கள் காகிதம்போல் உலர்ந்தும் நெடுநாள் நிறம் மாறாதிருப்பதற்குக் காரணம், அவை இலையின் மாற்றமாயிருப்பதே.

நெல்லின் உமியும் செதிலின் வகையே. அரிசியை இருபுறமும் பற்றிக்கொண்டிருக்கும் அவ்விரு ஓடுகளும், பூவாக இருந்த காலத்தில் அதனை மூடிக் காத்தவை. மக்காச்சோளக் கதிரைச் சுற்றிய தோகை உறைகளும் மாறிய இலைகளே. அவ்வுறை கதிரின் நுனிவரை நெருங்கி மூடியிருக்குமானால் பறவைகளும் வண்டுகளும் எளிதில் உட்புக இயலாது. உறை குட்டையாக இருந்து நுனி வெளிப்படுமானால் சேதம் மிகும்.

பயிரின் பருவத்தை அறிவிக்கும் அடையாளமாகவும் செதில் விளங்குகிறது. சூரியகாந்திப் பூவின் பின்புறம் மஞ்சளாகி, அதனைச் சூழ்ந்த பச்சைச் செதில்கள் பழுப்பு நிறம் கொள்ளும்போது விதை முற்றிவிட்டது எனத் தெளியலாம். மக்காச்சோளத்தில் கதிரின் உறை மஞ்சளாகி உலர்வதும் அத்தகைய அறிகுறியே.

பருத்தியின் மூன்று செதில்கள்

வெண்டை, பூவரசு, செம்பருத்தி, பருத்தி ஆகிய நான்கும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். இந்நான்கிலும் புல்லி வட்டத்திற்கு வெளியே செதில்கள் உண்டு. வெண்டையில் அவை நூல்போல் மெலிந்து, விரைவில் உதிர்ந்துவிடும். பூவரசிலும் நெடுநாள் தங்குவதில்லை. பருத்தியில் மட்டும் அவை இலைபோல் அகன்று, மொக்கு தோன்றிய நாள்முதல் காய் வெடிக்கும்வரை, வெடித்த பின்னும்கூட, இடத்தை விட்டு அகலாமல் நிற்கின்றன. பருத்தியின் நன்மைக்கும் நம் தொல்லைக்கும் இந்நீங்காமையே காரணம்.

பருத்தியில் செதில்கள் மூன்று. மூன்றும் கூடி முக்கோணக் கூடுபோல் இளமொக்கை மூடிக்கொள்கின்றன. நம் உழவர் சப்பை என்று கூறும் இளமொக்கு வெளிப்பார்வைக்கு முழுவதும் செதிலாகவே தோன்றும். மொக்கு அதனுள் சிறு குமிழாக அடங்கியிருக்கும். சப்பை கண்ணுக்குப் புலனாகி ஏறத்தாழ மூன்று வாரங்களில் பூ விரிகிறது. பூ வாடியபின் காய் வளர்ந்து, மேலும் 45 முதல் 60 நாட்களில் வெடிக்கிறது. இவ்வளவு காலமும் செதில்கள் உடனிருக்கின்றன.

உப்பமும் கருங்கண்ணியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரால் ஏற்றுமதியான பஞ்சு, உப்பம், கருங்கண்ணி என்ற இரு நாட்டுப் பருத்திகளின் கலப்பாகவே பெரும்பாலும் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் செதிலே சிறந்த அடையாளம். உப்பத்தின் செதில் நீளத்தைவிட அகலம் மிகுந்து, விளிம்பில் ஆறு முதல் எட்டுப் பற்கள் கொண்டு, காயினின்றும் விலகி விரிந்து நிற்கும். கருங்கண்ணியின் செதிலோ விளிம்பில் பற்கள் இன்றியோ, நுனியருகே மூன்று நான்கு பற்களை மட்டும் கொண்டோ, பூவை நெருங்கித் தழுவி நிற்கும். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியில் தேர்ந்தெடுத்த பல இரகங்களை மானாவாரிக் கரிசல் நிலத்திற்கு அளித்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி தமிழகத்திற்கு வந்தது. அது அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. எம்.சி.யூ. என்ற எழுத்துக்களால் நாம் அறிந்த இரகங்களின் பெயரில் சென்னை, கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று சொற்கள் அடங்கியுள்ளன. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். இரகங்களும் அமெரிக்க இனத்தவையே. இவ்வினத்தின் செதில்களில் ஏழு முதல் பன்னிரண்டு வரை நீண்டு கூரிய பற்கள் உண்டு. இழை நீளமாகவும் நேர்த்தியாகவும் இருப்பதால் ஆலைகள் இதனையே விரும்புகின்றன. ஆனால் நீண்ட பற்கள் உலர்ந்தவுடன் முறியக்கூடியவை. ஆகவே கருங்கண்ணியைவிட இவ்வினத்தில் எடுப்பின்போது கவனம் மிகுதியும் வேண்டும்.

செதில் செய்யும் பணி

செதிலின் முதற்பணி காவல். மென்மையான மொக்கை வெயிலினின்றும் காற்றினின்றும் அது காக்கிறது. பூச்சிகள் மொக்கை நேரே அணுகாதவாறு தடுத்து நிற்கிறது.

இரண்டாவது பணி உணவு அளித்தல். செதில் பச்சை நிறமுடையது. இலையைப் போலவே வெயிலைக் கொண்டு உணவு சமைக்கவல்லது. இலையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு சிறிதாயினும், காயை ஒட்டியே இருப்பதால் அது சமைக்கும் உணவு காய்க்கு அண்மையிலேயே கிடைக்கிறது. பருவத்தின் பிற்பகுதியில் இலைகள் முதிர்ந்தும் வறட்சியால் வாடியும் தளரும்போது, காயின் பச்சைத் தோலும் செதில்களும் தம் தொழிலைத் தொடர்ந்து செய்வதாகப் பயிர் நூல் வல்லார் கண்டுள்ளனர். மானாவாரிக் காட்டில் கடைசிக் காய்கள் ஓரளவேனும் தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பணி, காவலுக்குக் கூலியாள் அமர்த்துதல் என்று கூறத்தக்கது. ஒவ்வொரு செதிலின் அடியிலும் சிறிய தேன்சுரப்பி ஒன்று உண்டு. பூவின் தேன் மகரந்தம் சுமக்கும் ஈக்களுக்கு. செதிலின் தேனோ எறும்புகளையும் குளவிகளையும் ஈர்ப்பது. அவ்வாறு வரும் எறும்பும் குளவியும் தீய பூச்சிகளின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் வேட்டையாடுகின்றன. ஆனால் அத்தேனைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் உண்பதுண்டு. மேலும் செதிலுக்கும் காய்க்கும் இடைப்பட்ட நிழலான இடுக்கில் மாவுப்பூச்சியும் இளம்புழுவும் ஒளிந்துகொள்கின்றன. மருந்து தெளித்தாலும் அவ்விடத்திற்கு எளிதில் எட்டுவதில்லை. காவற்கூடே பகைவனுக்கு மறைவிடமும் ஆகிறது.

விரிந்த சப்பை கூறும் செய்தி

நலமான சப்பையில் மூன்று செதில்களும் குவிந்து மூடியிருக்கும். உள்ளேயுள்ள மொக்கைப் புழு துளைத்துவிட்டால், செதில்கள் வெளிப்புறமாக விரிந்து, மஞ்சள் நிறம் கொண்டு, சில நாட்களில் சப்பை முழுவதும் உதிர்ந்துவிடும். தொலைவிலிருந்தே கண்டுகொள்ளத்தக்க இவ்வடையாளத்தை உழவர் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ளவேண்டும்.

விரிந்த சப்பையைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு விரைதல் கூடாது. சப்பையைக் கிள்ளிப் பிரித்துப் பார்க்கவேண்டும். துளையும் புழுவின் எச்சமும் காணப்பட்டால் காய்ப்புழுவின் வேலை என்பது உறுதி. துளை ஏதுமின்றிச் சப்பை உதிருமானால், நீர்க்குறைவோ, மேகமூட்டமோ, மிகு மழையோ, சாறு உறிஞ்சும் பூச்சியோ காரணமாகலாம். அப்போது காய்ப்புழு மருந்து தெளிப்பது பணத்தை மண்ணில் இறைப்பதாகும். புள்ளிக் காய்ப்புழுவிற்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிற்கும் 100 சப்பை, பூ, காய்களில் 10 தாக்கப்பட்டிருப்பதே மருந்தடிப்பதற்குரிய எல்லையாக வேளாண்மைத் துறையினர் கொண்டுள்ளனர். வயலின் பல பகுதிகளில் எண்ணிப் பார்த்தாலன்றி இவ்வெல்லை தெரியாது. உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கி அழிப்பதும் பயன் தரும். அவற்றுள் புழு உயிரோடு இருத்தல் கூடும்.

2002ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பயிரிடப்படும் பி.டி. பருத்தியும் இவ்வாராய்ச்சியினின்று விலக்குப் பெற்றதன்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டமை நாட்டின் பல பகுதிகளில் காணப்பட்டுள்ளது. ஆகவே எவ்வகை விதையானாலும் செதில் கூறும் செய்தியைக் கேட்டறிவது நம் கடமை.

காவல் கழிவாகும் காலம்

காய் முற்றி வெடிக்கும்போது செதிலின் பணி முடிவுறுகிறது. பச்சை நீங்கிப் பழுப்பாகி உலர்கிறது. உலர்ந்த செதில் மெல்லியது, நொறுங்கும் இயல்பினது, விளிம்பில் நுண்மயிர் கொண்டது. பஞ்சின் இழையோடு அம்மயிர் சிக்கிக்கொண்டால் பிரிப்பது அரிது.

இங்கு நம் நாட்டின் தட்பவெப்பத்தையும் கருதவேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரி சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிப் பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் காற்றில் ஈரம் குறைவு. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதனைத் தொடர்ந்த பட்டாசுத் தொழிலும் சிவகாசியில் வேரூன்றுவதற்கு இவ்வுலர்ந்த காற்றும் ஒரு காரணம். தீக்குச்சியையும் வெடித்திரியையும் உலர்த்தித் தந்த அதே காற்று, பருத்திச் செதிலையும் உலர்த்தி நொறுக்குகிறது. ஒரு தொழிலுக்கு வரமாயிருப்பது மற்றொன்றிற்குச் சோதனையாகிறது.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி மாசி முதல் எடுப்புக்கு வருகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. அப்பனி எடுப்புக்குப் பெருந்துணை. விடியற்காலையில் பனி ஏறிய செதில் பதமாக வளைந்துகொடுக்கும். பஞ்சை இழுத்தால் செதில் செடியிலேயே நின்றுவிடும். நண்பகலில் அதே செதில் அப்பளம்போல் நொறுங்கிப் பஞ்சில் உதிரும். எனவேதான் காலை 10 அல்லது 11 மணிக்குள் எடுப்பை முடித்துக்கொள்ளுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது.

இதில் ஓர் இடையூறும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் கூலி தருவதால் எடுப்புக்கு ஆள் கிடைப்பது அரிதாகிறது. ஆள் வரும் நாள்வரை காத்திருந்தால் வெடித்த பருத்தி செடியிலேயே நாட்கணக்கில் நிற்கும். செதில் மேலும் நொறுங்கும். காற்றில் மண்ணும் ஏறும். வந்த ஆட்களும் எடைக்குக் கூலி பெறுவோராயின், சருகும் எடையில் சேர்வதால் அதனை நீக்குவதில் அவர்களுக்கு ஆதாயமில்லை. அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. கூலி முறையில்தான் குறை இருக்கிறது.

ஆலையிலும் தறியிலும்

பருத்தி அரவையில் விதை நீங்கிப் பஞ்சு வெளிவருகிறது. ஏறத்தாழ மூன்று பங்கு விதைப் பருத்திக்கு ஒரு பங்கு பஞ்சு கிடைக்கும். காட்டில் முழுச் செதிலாகச் சேர்ந்த சருகு அரவையில் அடிபட்டு மிளகுத்தூள்போல் சிறு துணுக்குகளாகிறது. முழுச் சருகைக் கையால் பொறுக்கிவிடலாம். மிளகளவு துணுக்கைப் பொறுக்க இயலாது. ஆலையில் பஞ்சை அடித்துக் கலைத்தும் சீவியும் தூய்மை செய்கின்றனர். அடிக்க அடிக்கத் துணுக்கு நீங்கும். ஆனால் நல்ல இழையும் முறியும். சருகைப் போக்கச் செலவிடும் ஒவ்வொரு அடியும் நூலின் வலிமையிலிருந்து கொடுக்கும் விலையாகும்.

எஞ்சிய துணுக்கு நூலில் புகுந்தால் அவ்விடத்தில் நூல் பருத்தோ மெலிந்தோ போகும். பாவு ஓட்டும்போதும் தறியிலும் இழை அறுவது மிகும். நெசவாளருக்கு இழை அறுதல் என்பது நேர இழப்பு. நேர இழப்பு கூலி இழப்பு. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் நெய்யப்படும் சேலையில் சாயம் ஏற்றும்போது இத்துணுக்கு நிறத்தைச் சமமாக ஏற்காமல் புள்ளியாகத் தெரியும்.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி பெருவாரியாக நெய்யப்படுகிறது. புண்ணின்மேல் வைக்கும் துணியில் கறுப்புப் புள்ளி இருத்தலாகாது. அதனைப் போக்க வெளுப்பு மருந்தைக் கூட்டினால் மெல்லிய நூல் நைந்துபோகும். இவ்வாறு, ஒரு காட்டில் நண்பகலில் அவசரமாக எடுத்த பருத்தி, எங்கோ ஒரு மருத்துவமனையின் கட்டுத்துணியில் குறையாக வெளிப்படுகிறது.

நெஞ்சை இறுக்கும் தூசி

பொருள் இழப்பினும் பெரிது உடல்நல இழப்பு. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் மூச்சுத்திணறலும் உண்டாகின்றன. மருத்துவர் இதனைப் பிசினோசிஸ் என்பர். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் இறுக்கம் மிகுந்து தோன்றுவது இதன் தனி அடையாளம். ஆகவே திங்கட்கிழமை நோய் என்றும் வழங்கினர். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் 1950களில் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார்.

தூசியில் உள்ளவை பஞ்சு இழைகள் மட்டுமல்ல. உலர்ந்த செதிலின் பொடி அதில் முக்கியமான பகுதி. காய்ந்த செதிலின்மீது ஒருவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் உடற்சுவரிலுள்ள நச்சுப்பொருள் சுவாசப்பையை எரிச்சலூட்டுகிறது. உலர்ந்த செதில் ஈரத்தில் நனைந்து கிடக்குமானால் அந்நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அமெரிக்க அரசு 1978ஆம் ஆண்டு பஞ்சுத் தூசிக்கு எல்லை வகுத்தது. நூற்புப் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி கூடாது என்பது அதன் விதி. இந்தியாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய் தொழில்வழி நோயாக இடம்பெற்றிருந்தது. அரவை ஆலையிலும் நூற்பாலையிலும் பணிபுரியும் நம் குடும்பத்தினர், திங்கட்கிழமைதோறும் நெஞ்சு இறுகுவதாக உணர்ந்தால், அதனைச் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தம் தொழிலையும் கூறவேண்டும்.

செதில் சுருங்கிய பருத்தி

இவ்வளவு தொல்லை தரும் செதில் இல்லாத பருத்தியை உண்டாக்கலாகாதா என்று வினவலாம். அதற்கு அண்மையான ஒன்று இயற்கையிலேயே தோன்றியுள்ளது. அமெரிக்காவில் கண்டெடுத்து 1955இல் ஆராய்ச்சி ஏட்டில் விவரிக்கப்பட்ட பிரெகோ என்னும் வகையில், செதில்கள் அகலமின்றி முறுக்கிய நாடாபோல் குறுகி, மொக்கு வெளியே தெரியும். மறைவிடம் இன்மையால் அந்நாட்டுக் கூன்வண்டு அதில் முட்டையிட அவ்வளவாக விரும்புவதில்லை, மருந்து மொக்கை நேரே அடைகிறது, காயழுகலும் குறைகிறது. ஆனால் மொக்கின் சாற்றை உறிஞ்சும் வேறு நாவாய்ப்பூச்சிகளின் தாக்குதல் அதில் மிகுதியாயிற்று. காவலை நீக்கினால் ஒரு பகைவன் விலக, மற்றொரு பகைவன் புகுந்தான். ஆகவே செதிலை வெறுத்து ஒழிப்பது வழியன்று. செடியில் அது செய்யும் பணியைச் செய்யவிட்டு, பணி முடிந்தபின் நம் பஞ்சில் சேராமல் தடுப்பதே இன்று நம் கைக்கு எட்டிய வழி.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நன்கு வெடித்த காயிலிருந்து பஞ்சை மட்டும் எடுத்து, செதிலையும் ஓட்டையும் செடியிலேயே விட்டுவிடவேண்டும். காயோடு பறித்து வீட்டில் உரிப்பது சருகைக் கூட்டும் முறையாகும்.

இரண்டாவதாக, ஏழு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாமல், முற்பகல் 10, 11 மணிக்குள் எடுக்கவேண்டும்.

மூன்றாவதாக, பனியோடு எடுத்த பருத்தியை உடனே நிழலில் பரப்பி உலர்த்தவேண்டும். இதனை மறந்தால் முதலிரண்டும் பயனற்றுப்போம். ஈரப் பருத்தியைக் குவித்தால் நிறம் மாறும். இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலைக்கு வாங்கும்போது 8 சதவீத ஈரத்தை அளவாகக் கொண்டு, அதற்கு மேற்பட்டால் விலையைக் குறைக்கிறது. 12 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்பதில்லை. நேர் வெயிலில் காயவைத்தால் இழையின் வலிமையும் பளபளப்பும் கெடும். தரையில் உலர்ந்த மணலை மெல்லியதாகப் பரப்பி அதன்மேல் பருத்தியை இடுவது நல்லது.

நான்காவதாக, கறைபட்டதையும் புழு அரித்ததையும் எடுக்கும்போதே வேறு மடியில் இடவேண்டும். நல்ல பருத்தியில் சிறிதளவு கெட்டது கலந்தாலும் விலை முழுவதற்கும் கெட்டதற்கேற்பவே மதிப்பிடப்படும்.

ஐந்தாவது, தனி ஒருவரால் ஆகாதது, சங்கத்தால் ஆகக்கூடியது. ஒரு கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோ விதைப் பருத்தியில் 3 கிலோ சருகு கலந்திருப்பதாகக் கொள்வோம். எடுத்தவர் அந்த 3 கிலோவுக்கும் கூலி பெறுவார். உழவர் அதற்கும் சாக்கும் வண்டிக்கூலியும் செலுத்துவார். வியாபாரியோ 3 கிலோவை மட்டும் கழிப்பதில்லை, நூறு கிலோவின் தரத்தையும் ஒருபடி இறக்கிவிடுவார். அவ்விறக்கத்தில் போகும் தொகையின் ஒரு பகுதியை, சுத்தமாக எடுப்போருக்குக் கூடுதல் கூலியாக வழங்கினால் உழவருக்கும் நட்டமில்லை. எடுக்கும் பெண்மக்களுக்கும் நியாயம் கிடைக்கும். அண்டை வயலார் ஒன்றுகூடி எடுப்பு நாட்களை முறைவைத்துக்கொண்டால் ஆள் பற்றாக்குறையும் தணியும். சருகு குறைந்த பருத்தியைச் சங்கத்தின் பெயரால் தனியே குவித்து விற்றால் அதற்கென்று நற்பெயரும் உண்டாகும். மத்திய அரசு 2000ஆம் ஆண்டு தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப இயக்கம் சந்தைக் களங்களையும் அரவை ஆலைகளையும் செம்மைப்படுத்த முயன்றது. ஆனால் காட்டில் கலந்த சருகை எந்த இயந்திரமும் முழுதும் மீட்டுத் தராது.

சிறு உழவரின் நூறு கிலோவை ஆலைக்காரர் தனித்து நோக்கமாட்டார். நூறு உழவர் ஒரே முறையாக எடுத்த பருத்தி ஒரே குவியலாகச் சென்றால் நோக்கியே ஆகவேண்டும். கூட்டுறவின் வலிமை அதுவே.

மூன்று செதில்களும் காய் வெடிக்கும் நாள்வரை தம் கடமையைச் செவ்வனே செய்கின்றன. அதன்பின் கடமை நம்முடையது. செதில் காட்டில் நின்றால் மண்ணுக்கு எருவாகும். பஞ்சோடு வந்தால் உழவருக்கு விலைக்குறைவாகவும், நெசவாளருக்கு அறுந்த இழையாகவும், ஆலைத் தொழிலாளிக்கு நெஞ்சு நோயாகவும் முடியும். வரும் மாசி எடுப்பில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பஞ்சைமட்டும் எடுத்து, செதிலைச் செடியிலேயே விட்டுவர உறுதி கொள்வோமாக.